பதினேழாவது மொச்சை

தம்பி, பேனா இருக்கா? இருந்தாக் குடு. விருதுநகர் வாரதுக்குள்ள திருப்பித் தந்துருவேன். என் பேனா எப்பவும் பையிலதான் இருக்கும், காலையில அவசரத்துல சட்டையை மாத்திட்டேன். பெரிசா ஒண்ணும் எழுத வேண்டியதில்ல, ஒரே ஒரு பேரு. இந்தா பாரு, மனு. மூணு பக்கம் டைப் அடிச்சிருக்கு. ரெண்டாம் பக்கத்துல புள்ளி புள்ளியா விட்டிருக்கா? அதுல ஒரு பேரை எழுதிப் பதிவாளர் ஆபீசுல நீட்டிட்டேன்னா, எங்க கடைத்தெருவுல இத்தனை நாளா ஆடுன ஆட்டம் அம்புட்டும் இன்னையோட குளோஸ்.

யாரு பேரா? அதுதான தம்பி தெரியல. தெரிஞ்சா எழுதிருக்க மாட்டேனா? ரெண்டு பேருல ஒருத்தன். பஸ்ஸு போய்ச் சேருறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துருவேன். பேனாவை மட்டும் குடு. வெள்ளரிக்காய்க்காரி வாரா பாரு, வேணுமா? வேண்டாமா? சரி.

என் பேரு தங்கப்பழம். மளிகைக் கடை. எங்க ஊரு மேலக் கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்துக்குப் பத்தொன்பது வருஷமாத் தலைவர். ஆரம்பிச்சது எங்கப்பா. அறுபத்தஞ்சு கடை, வரிசையா ஒரே கட்டடம். கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம், கடை அவனவனுக்கு அனுபவ பாத்தியம். சங்கத்துக்குன்னு ஒரு விதிப் புத்தகம் இருக்கு, ஐம்பத்து மூணுல எங்கப்பா தன் கையால எழுதினது. இருபத்தெட்டு விதி. அதுல ஒரு எழுத்தை மாத்தணும்னாக்கூட கடைக்கு ஒரு ஓட்டு, நாலுல மூணு பங்கு சேரணும். எழுபது வருஷமா ஒருத்தனும் அதுல கை வைக்கல. இந்த வருஷம் வச்சாக. ஓட்டுப் போட்டு மாத்திட்டாக. என் கண்ணு முன்னாலயே, நான் தலைவரா உக்காந்திருக்கும்போதே மாத்திட்டாக!

இதுல கொடுமை என்னன்னா, ஆரம்பிச்சு வச்சதே நான்தான். நானே என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

எழுபதாவது ஆண்டு விழாவுக்கு மலர் போடணும்னு முடிவாச்சு. அப்பா எழுதின விதிகளை அதுல அப்படியே அச்சடிப்போம்னு நான்தான் சொன்னேன். புத்தகமோ பழுப்பேறிக் கிடக்கு, மை மங்கிருச்சு. நல்லாப் பிரதி எடுக்க ஒரு ஆள் வேணும். எங்கடைக்கு அடுத்த கடை கயித்துக்கடை சின்னத்துரை. அவன் மக ஜெயராணிக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். முப்பது வயசு, கல்யாணம் வேண்டாம்னுட்டு அப்பனோட கடையிலயே உக்காந்துட்டா. என்னைப் பெரியப்பான்னுதான் கூப்பிடுவா. அவகிட்டதான் குடுத்தேன்.

எழுதிக்கிட்டே வந்து கேப்பா. "பெரியப்பா, சென்னை ராஜ்யம்னு இருக்கு, தமிழ்நாடுன்னு மாத்திரவா?" சரிம்மா, கூட்டத்துல வச்சு மாத்துவோம். "கடை வாசல்ல வண்டி மாட்டை அவுத்துக் கட்டினா நாலணா அபராதம்னு இருக்கு." சிரிச்சோம். "சங்கத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் துடைக்கிற முறை மாசம் ஒரு கடைக்கு." அதுக்கும் சிரிச்சோம். "குஷ்டரோகி, பைத்தியக்காரர், விதவை இவர்களைக் கூட்டத்தில் அனுமதிப்பதில்லைன்னு இருக்கு பெரியப்பா." இதுக்கு அவ சிரிக்கல. அந்தக் காலத்து எழுத்தும்மா, யாரையும் நோகடிக்க எழுதினதில்ல, அதையும் எடுத்துருவோம்னேன். நான் ஒண்ணும் மோசமான ஆளு கிடையாது தம்பி.

அப்புறம் ஒன்பதாம் விதிக்கு வந்தா. 'உறுப்பினர் காலமானால் கடை அவருடைய ஆண் வாரிசைச் சேரும். ஆண் வாரிசு இல்லாத கடை சங்கத்தின் வசம் ஒப்படைக்கப்படும்.' பேனாவை மூடி வச்சிட்டு என்னையப் பாத்தா. "இதையும் இப்படியே எழுதவா?"ன்னா. எழுதும்மா, யாரு பாக்கப் போறான்னேன்.

நாப்பது நாள் ஆகல. ஆடி மாசம், மூக்கணாங்கயிறை எண்ணிக் கட்டிக்கிட்டு இருக்கும்போதே சின்னத்துரை கயித்துச் சுருள் மேலயே சாஞ்சுட்டான். நல்ல மனுசன். நான்தான் முன்ன நின்னு எல்லாம் செஞ்சேன். பந்தல், மாலை, வேன் எல்லாம் நான். அதையெல்லாம் இன்னைக்கு எவன் பேசுறான்?

பதினாறு முடிஞ்சு ஒரு வாரம் பொறுத்து அந்தப் புள்ளையைக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னேன். இப்படி இப்படி விதி இருக்கும்மா, நீயே எழுதினதுதான். உடனே காலி பண்ணச் சொல்லல, தை வரைக்கும் இரு, சரக்கெல்லாம் வித்துக்க. வேற எந்தத் தலைவன் சொல்லுவான்? பதமாத்தான் சொன்னேன். அவ ஒரு சொட்டு அழல. "கடை சங்கத்துக்குப் போயி, அப்புறம் யாருக்குப் பெரியப்பா போகும்?"ன்னு கேட்டா. சங்கம் முடிவு பண்ணும்னேன்.

நீ வேற மாதிரி நினைக்காத. எங்கடைக்கும் அவ கடைக்கும் நடுவுல ஒத்தைக் கல்லுச் சுவர்தான், அதை எடுத்துட்டா எனக்குக் குடோன் கிடைக்கும்ங்கிறது வாஸ்தவம். பருப்பு மூட்டையை வச்சுக்க இடமில்லாம நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து சுவரைத் தட்டிப் பாத்ததும் வாஸ்தவம். ஆனா அதுக்காகவா நான் விதியைப் பேசினேன்? விதி விதிக்காகத்தான். அதை எழுதின கை எங்கப்பா கை.

அந்தக் கொத்தனார் தட்டின சத்தம் அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டிருக்கு. மறுநாளே ஆரம்பிச்சுட்டா. பத்துக் கடைக்காரன் கையெழுத்துப் போட்டா விதியை ஓட்டுக்கு விடலாம், அதுவும் எங்கப்பா எழுதினதுதான். அவ இருபத்திரண்டு கையெழுத்து வாங்கிட்டா. 'ஆண் வாரிசு'ங்கிறதை 'வாரிசு'ன்னு மாத்தணுமாம். ஒரே ஒரு சொல்லைத்தான எடுக்கச் சொல்றேன்னு கடை கடையா ஏறி இறங்கினா. ஒரே ஒரு சொல்லுன்னா அதை அப்படியே விட்டுட்டுப் போக வேண்டியதுதான? சொல்லுல என்ன இருக்கு? வெறும் சொல்லுக்காக இம்புட்டுக் கலவரம் பண்ணுறாளேன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நானும் விடல. ஒரு மாசம் எனக்குத் தூக்கமில்ல, சாப்பாடில்ல. வெறும் சொல்லுக்காக!

என்ன, எனக்கு எத்தனை பிள்ளையா? ரெண்டும் பொண்ணு. மூத்தவளைத் திருப்பூர்ல குடுத்திருக்கு. சின்னவ பவானி பி.காம். முடிச்சிட்டு வீட்லதான் இருக்கா. அவளுக்குக் கடைன்னா உசிரு. கல்லாவுல உக்காந்தா எழுந்திரிக்கவே மாட்டா. சரி, அதுக்கும் இதுக்கும் என்ன? ஏன் கேக்குற? சொர்ணமும் இதையேதான் கேட்டா. சொர்ணம் எம் வீட்டுக்காரி. பருப்புல கல்லு பொறுக்கிக்கிட்டே, தலையைத் தூக்காம, "நமக்கும் ஆம்பளப் பிள்ளை இல்லையேங்க"ன்னா. நான் என்ன நாளைக்கேவா சாகப் போறேன்னு ஒரு சத்தம் போட்டேன். அப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கல. சொன்னாக் கேட்டுக்குவா. முப்பத்தோரு வருஷத்துல என்னைய எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல.

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. போன மாசியில நெஞ்சு வலி வந்து மதுரையில ஸ்டென்ட் வச்சாக, அவ்வளவுதான். ரெண்டு மாசம் வீட்டை விட்டு இறங்கக் கூடாதுன்னுட்டாக. கடை ஒரு நாள் மூடல தெரியுமா? ஒரு நாள் மூடல! அதுதான் தம்பி சங்கம்ங்கிறது. ஒருத்தனுக்கு முடியலைன்னா அறுபத்து நாலு கடையும் பாத்துக்கும். சொர்ணம் சும்மா போயி உக்காந்திருந்தா. காலையில தெறக்குறது, நிறுத்துப் போடுறது, லாரி வந்தா மூட்டை இறக்குறது, சாயங்காலம் பூட்டுறது, இந்த மாதிரிச் சில்லறை வேலையை அவ பாத்துக்கிட்டா. அப்ப வாங்கின சாவிதான், இன்னும் அவ இடுப்புலயே கிடக்கு. எனக்கும் படியேறிப் போயி ஷட்டரைத் தூக்க முடியல, அதனால அவளே தெறந்துருவா. நான் பத்து மணிக்குப் போவேன்.

சாவின்னதும் ஞாபகம் வருது. எங்க சங்கத்துல ஓட்டுன்னா சாவி ஓட்டு. நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட. எவன் வேணாலும் வந்து கை தூக்கிட்டுப் போக முடியாது. ஓட்டு நாள்ல கடையைப் பூட்டி, அந்தச் சாவியைக் கொண்டாந்து மேஜையில வைக்கணும். சாவி வச்சவன் கையில ஒரு புளியங்கொட்டை, ஒரு வெள்ளை மொச்சை. மறைப்புக்கு வேட்டி கட்டியிருக்கும், அதுக்கு அந்தப் பக்கம் பானை. மாத்தலாம்னா கறுப்பு, கூடாதுன்னா வெள்ளை. ஒண்ணைப் பானையில போட்டுட்டு இன்னொண்ணைக் கைக்குள்ள பொத்திக்கிட்டு வீட்டுக்குக் கொண்டு போயிரணும், யாருக்கும் காட்டக் கூடாது. என்ன மூளை பாத்தியா எங்கப்பாவுக்கு! பொடிப் பயலுக கை தூக்குவோம்னாங்க. முடியவே முடியாது, எழுதினது எழுதினபடி நடக்கணும்னு நின்னேன். நாலு நாள் ஆட்டோவுல மைக்குக் கட்டி நானே விதியைப் படிச்சேன். 'உறுப்பினர் வர இயலாதபோது அவர் கடைச் சாவியோடு வருபவர் அந்தக் கடையின் வாக்கைச் செலுத்தலாம்.' தொண்டை கட்டிப் போச்சு.

நாளைக் குறிக்கிறது தலைவர் உரிமை. நான் திங்கக்கிழமை குறிச்சேன். ஏன் தெரியுமா? திங்கக்கிழமைதான் எங்க தெருவுல பாதிப் பேரு மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் கொள்முதலுக்குப் போவான். அந்தப் பொண்ணுக்கு நாலுல மூணு பங்கு வேணும், வந்தவங்கள்ள இல்ல, மொத்தக் கடையில. கயித்துக்கடைக்கு ஆள் இல்லைன்னு அதைத் தள்ளியாச்சு. மிச்சம் அறுபத்து நாலு. அவளுக்கு நாப்பத்தெட்டு வேணும். பாதித் தெரு ஊர்ல இல்லைன்னா எங்கிட்டு வரும் நாப்பத்தெட்டு? இருந்தாலும் நான் அசட்டையா இருக்கல. எனக்குப் பதினேழு வெள்ளை இருந்தாப் போதும், தோத்துருவா. பதினாறு பேரு என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினாங்க. எங்கடையோட பதினேழு. சரியாப் பதினேழு.

அன்னைக்குக் காலையில சங்கக் கட்டடத்துல பானைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். பானைக்குக் காவல் தலைவரு, அதனால தலைவரு ஓட்டுப் போடக் கூடாது, அவர் கடைச் சாவியை வேற ஆள் கொண்டு வரலாம். சொர்ணம் கொண்டாருவா. நம்ம ஆளுக ஒவ்வொருத்தரா வாராக. அப்புறம் வாசல்ல ஒரு சத்தம். என்னடான்னு எட்டிப் பாக்குறேன். பொம்பளைக தம்பி! தெரு அடைச்சுப் பொம்பளைக. இடுப்புல சாவி, கையில சாவி, முந்தானையில முடிஞ்ச சாவி. தூத்துக்குடிக்குப் போனவன் பொண்டாட்டி, மதுரைக்குப் போனவன் அம்மா, தங்கச்சி. கடையைத் தெறக்குறதும் அவளுகதானாம், பூட்டுறதும் அவளுகதானாம். அந்தப் பயலுக சாவியைத் தொட்டே வருஷக் கணக்காச்சாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் பத்து மணிக்குத்தான போறேன்!

எழுந்திரிச்சுக் கத்தினேன். பொம்பளைக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டேன். ஜெயராணி முன்னால வந்தா. அவ கையிலயும் சாவி, ஓட்டு இல்லைன்னு தெரிஞ்சும் கொண்டாந்திருக்கா. "பெரியப்பா, சாவியோடு வருபவர்னு நாலு நாளா மைக்குல படிச்சது நீங்கதான்"ன்னா. அது ஆம்பளைக்கு எழுதினதுன்னேன். "அப்படி எழுதலையே. அறுபத்தொண்ணுல உங்கப்பாவுக்கு அம்மை போட்டிருந்தப்ப உங்க கடைச் சாவியைக் கொண்டாந்து ஓட்டுப் போட்டது உங்கம்மா. நடவடிக்கைப் புத்தகத்துல இருக்கு. அதையும் நீங்கதான் என்கிட்டப் பிரதி எடுக்கக் குடுத்தீங்க." எல்லாவனும் என்னையப் பாக்குறான். எங்கம்மா வேற, இவளுக வேறன்னு சொன்னேன். ஒருத்தனும் காதுல வாங்கல. ஒரு பய சிரிச்சான். எனக்கு அவனை அங்கேயே வச்சு அறையணும் போல இருந்துச்சு, நெஞ்சுல கம்பி இருக்கேன்னு உக்காந்துட்டேன்.

சரி, வரட்டும். எத்தனை பொம்பளை வந்தா என்ன, என் பதினேழு என் கையில இருக்கு. கடைசி ஆளா சொர்ணம் வந்தா. நீலச் சேலை, தலை நிறையப் பூ, என்னமோ கல்யாண வீட்டுக்கு வாரது மாதிரி. சாவிக் கொத்தை மேஜையில வச்சா. காலையில இட்லி வைக்கும்போதே சொல்லி அனுப்பிருந்தேன், வெள்ளையைப் போடணும், மறந்துறாத. "சரிங்க"ன்னா. கறுப்பைப் போட்டா சின்னத்துரை மக செயிச்சுருவா, புரியுதான்னேன். "புரியுதுங்க"ன்னா. விவரமானவ. மறைப்புக்குள்ள போயி நின்ன வேகத்துல வெளிய வந்துட்டா. மத்தவளுக எல்லாம் அஞ்சு நிமிஷம் நின்னு யோசிச்சாளுக. சொர்ணத்துக்கு யோசனையே இல்ல.

பானையைக் கவுத்தோம். கறுப்பு நாப்பத்தெட்டு. வெள்ளை பதினாறு.

பதினாறு! மூணு தடவை எண்ணினேன். மேஜைக்கு அடியில குனிஞ்சு பாத்தேன், பானைக்குள்ள கையை விட்டுத் துழாவினேன். பதினாறுதான். வெளிய குலவை போடுறாளுக. அந்த ஜெயராணி எங்கிட்ட வந்து, "பெரியப்பா, சென்னை ராஜ்யத்தையும் மாத்தியாச்சு"ன்னா. அவ முகத்தைப் பாக்கப் பிடிக்காம வந்துட்டேன்.

ஒருத்தன் எனக்குத் துரோகம் பண்ணிருக்கான் தம்பி. பதினேழுல ஒருத்தன். அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியுது.

வீட்டுக்குப் போனா அங்க வேற கூத்து. நான் தீயா நிக்கிறேன், சொர்ணம் கொல்லையில உடைஞ்ச வாளியில மண்ணை ரொப்பிக்கிட்டு இருக்கா. என்னடி பண்ணுறன்னு கேட்டேன். மொச்சை நடுறேன்னா. ஊரே அவுந்து கிடக்கு, இவளுக்கு மொச்சை! சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி விட்டுட்டுப் படுத்துட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும், அந்தக் கொடி ஜோரா வந்துருச்சு. அஞ்சு வாரத்துல முருங்கைக் கொப்பைப் பிடிச்சு ஏறிருச்சு. நான்தான் தினம் தண்ணி ஊத்துறேன். வேற என்ன செய்ய? கடைக்குப் போனா அடுத்த கடையில அவ சணல் சுத்திக்கிட்டு இருக்கா, பாத்தா வயிறு எரியுது. கொல்லையில நின்னாக் கொஞ்சம் மனசு ஆறுது.

வக்கீலைப் பாத்தேன். அவர் விதிப் புத்தகத்தைப் பிரட்டிட்டு ஒரு இடத்துல விரலை வச்சாரு. 'சாவி கொண்டுவருபவர் உறுப்பினர் சொல்லி அனுப்பியதையே செலுத்த வேண்டும். மாறாகச் செலுத்திய வாக்கு செல்லாது.' எங்கப்பா! செத்தும் எனக்கு வழி விட்டுட்டுப் போயிருக்காரு. வக்கீல் சொன்னாரு, அண்ணாச்சி, ஒத்தை ஓட்டுதான் வித்தியாசம், ஒத்தை ஓட்டை உடைச்சாப் போதும். கடைக்காரன் வெள்ளைன்னு சொல்லி அனுப்பி, வீட்டுக்காரி கறுப்பைப் போட்டிருக்கான்னு ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க, அந்தப் புருஷனையும் சொல்ல வையிங்க, தீர்மானம் செல்லாது. கறுப்பைப் போட்டவ வீட்டுல வெள்ளை மொச்சை மிச்சம் இருக்கும்ல, அது கிடைச்சா இன்னும் நல்லதுன்னாரு.

என் பதினேழுல பதினாலு பேரு தானே நேர்ல வந்து போட்டாக. வீட்டு ஆளை அனுப்பினது மூணே கடை. நான் ஒண்ணு. எண்ணெய்க்கடை சுடலைமணி, முட்டு வலின்னு பொண்டாட்டியை அனுப்பினான். பாத்திரக்கடை அருளப்பன், மக பிரசவத்துக்கு நாசரேத் போயிருந்தான். ஆக ரெண்டு பேரு. ரெண்டுல ஒண்ணு.

நேரா சுடலைமணி வீட்டுக்குப் போனேன். உன் பொண்டாட்டி கறுப்பைப் போட்டுட்டாளேய்யான்னேன். துள்ளுறான். "அண்ணாச்சி, எம் பொண்டாட்டி நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டா"ங்கிறான். அவ உள்ள இருந்து புளியங்கொட்டையைக் கொண்டாந்து என் முன்னால போட்டா, இந்தாங்க மிச்சம்னு. புளியங்கொட்டை எந்த வீட்டுலதான் இல்ல? அருளப்பன் அதுக்கு மேல. "இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்துறேன், அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"ன்னு பைபிள்ல கையை வச்சுட்டான். எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம ஒரு ஆம்பளை எப்படித் தம்பி காலம் தள்ளுவான்? பக்கத்துல படுத்திருக்கிறவ என்ன நினைக்கிறாள்னு தெரியாது, வாய் மட்டும் காது வரைக்கும் கிழியும். இந்த மாதிரி ஆளுகளை நம்பி நான் சங்கம் நடத்தினேன் பாரு, என்னையச் சொல்லணும்.

அதான், ரெண்டுல ஒரு பேரை எழுதிர வேண்டியதுதான். சுடலைமணின்னே எழுதவா? அவன் பொண்டாட்டி கண்ணுல ஒரு திமிரு இருந்துச்சு. சாத்தூர் தாண்டிருச்சா? இப்படிக் குலுங்கினா எழுத்துக் கோணலாப் போகும். வண்டி நிக்கட்டும், எழுதுறேன்.

என்ன கேட்ட?

எந்த மொச்சை?

கொல்லையில நட்டதா? அது... கடை மொச்சைதான். அன்னைக்குச் சாயங்காலந்தான். எங்க இருந்து எடுத்தான்னா, முந்தானையை அவுத்துத்தான் எடுத்தா. ஒத்தை மொச்சை. ஒண்ணே ஒண்ணுதான்.

...

மளிகைக் கடைக்காரன் வீடு தம்பி. மூட்டை மூட்டையா மொச்சை கிடக்கு. மொச்சை எந்த வீட்டுலதான் இல்ல? நீ என்ன பெரிய போலீஸா? பேனா குடுத்தா என்ன வேணாலும் கேக்கலாமா? ஊர் பேர் தெரியாதவன்கிட்ட வாயைக் குடுத்தேன் பாரு, எனக்கு வேணும். அவ என்னைய எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. ஒரு வார்த்தை! கேட்டுப் பாரு வேணும்னா. "புரியுதுங்க"ன்னா. வெள்ளையைப் போடுறேன்னு... வெள்ளையைப் போடுறேன்னு அவ சொல்லல. புரியுதுங்கன்னுதான் சொன்னா.

வீட்டுக்குப் போயி நேராக் கேட்டுருவேன். கேட்டா, ஆமாங்கன்னு சொல்லிருவா. பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு. அதுதான்... அதுதான் தம்பி எனக்குப் பயமா இருக்கு.

அந்த ரெண்டு மாசமும் நான் படுத்துக் கிடந்தப்ப, பூட்டிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்திருப்பா. சாவிக் கொத்தை மடியில வச்சு ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டே இருப்பா. நான் களைப்புன்னு நினைச்சேன்.

விருதுநகர் வந்துருச்சு. இந்தா உன் பேனா. எழுதலப்பா, எழுதலைன்னா எழுதல, விடு. மனுவைக் கிழிக்கல, மடிச்சுத்தான் வைக்கிறேன். எனக்குக் கோவம் தீர்ந்துருச்சுன்னு மட்டும் நினைச்சுராத. இன்னொரு நாள் வருவேன். இன்னைக்கு வெயில் சரியில்ல. திரும்பிப் போற வண்டி எந்தப் பக்கம் நிக்கும்?

கடையா? பூட்டிட்டெல்லாம் வரல. தெறந்துதான் இருக்கும். எட்டு மணிக்கே தெறந்திருப்பா. சாவி அவகிட்டதான இருக்கு.